உப்புத்தாளைக் கீழே வைங்க: டி-34 டாங்கி மாடல் செய்து பார்ப்போமா?

முதல் வருஷ ஒர்க்‌ஷாப் லேப் ஞாபகம் இருக்கா? ரெண்டு இரும்புத் துண்டைக் கொடுத்து 'வி' ஃபிட்டிங் பண்ணச் சொல்வாங்க. ஜாயிண்ட் வழியா வெளிச்சம் தெரிஞ்சா போச்சு, மறுபடியும் ஃபைல் பிடிக்கணும். அந்தப் பழக்கத்தோடதான் நான் என் முதல் டாங்கி மாடலைச் செய்ய உட்கார்ந்தேன். பீரங்கியோட சுழலும் மேல்பகுதி, அதாவது டரட், முழுக்கச் சொரசொரன்னு இருந்தது. மோல்டிங்ல ஏதோ கோளாறுன்னு நினைச்சு, ஒரு மணி நேரம் உப்புத்தாள் போட்டு வழவழன்னு ஆக்கிட்டேன். அப்புறம்தான் நிஜ டாங்கியோட புகைப்படத்தைப் பார்த்தேன். அதுவும் சொரசொரன்னுதான் இருந்தது!

இந்தக் கட்டுரையோட விஷயமே அதுதான். டாங்கி மாடல் செய்யும்போது ரெண்டு வகைச் சொரசொரப்பு உங்க கையில வரும். ஒன்று பிளாஸ்டிக் அச்சோட குறை, அதை எடுத்துடணும். இன்னொன்று நிஜ டாங்கி எப்படிச் செய்யப்பட்டது என்பதற்கான சாட்சி, அதைக் காப்பாத்தணும். எது எதுன்னு தெரியணும்னா, அந்த டாங்கியைச் செஞ்ச தொழிற்சாலைக்குள்ள மனசால ஒரு நடை போயிட்டு வரணும்.

எந்த டாங்கி?

முதல் மாடலுக்கு நான் சிபாரிசு பண்றது இரண்டாம் உலகப் போரில் சோவியத் யூனியன் பயன்படுத்திய டி-34. அதுலயும் 76.2 மி.மீ. பீரங்கி வைத்த 1942-ஆம் வருஷ வடிவம். பாகங்கள் குறைவு, வடிவம் எளிமை, கிட்டும் சுலபமாகக் கிடைக்கும்.

இதை உருவாக்கிய குழுவின் தலைவர் மிகைல் கோஷ்கின். 1940 மார்ச்சில் ரெண்டு சோதனை வண்டிகளைக் கார்கிவ் நகரிலிருந்து மாஸ்கோ வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனாங்க. அந்தப் பனிப் பயணத்தில் கோஷ்கினுக்கு நிமோனியா வந்தது. அதே வருஷம் செப்டம்பரில் இறந்துவிட்டார். தன் டாங்கி போருக்குப் போனதை அவர் பார்க்கவே இல்லை.

1941-இல் ஜெர்மன் படை நெருங்கியதும் கார்கிவ் தொழிற்சாலையைக் கழற்றி ரயிலில் ஏற்றி, யூரல் மலைப் பக்கம் நிஸ்னி தாகில் நகரில் இருந்த ரயில் பெட்டித் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனாங்க. டிசம்பரிலேயே அங்கிருந்து டாங்கி வெளியே வர ஆரம்பிச்சுடுச்சு. பெண்களும் பள்ளிக்கூட வயசுப் பிள்ளைகளும் மெஷின் முன்னாடி நின்னாங்க. அவங்ககிட்ட இல்லாத ஒரே பொருள் நேரம். நீங்க மாடலில் காட்ட வேண்டியது அந்த அவசரத்தைத்தான்.

முதல்ல கொஞ்சம் கணக்கு

டாங்கி மாடல்களில் ரொம்பப் பரவலான அளவு 1/35. இந்த விநோத எண்ணுக்குக் காரணம் பெரிய தத்துவம் எல்லாம் இல்லை. ஜப்பானின் டமியா நிறுவனம் 1961-இல் பேந்தர் டாங்கி கிட் செஞ்சப்போ, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்குற மாதிரி அளவு வச்சாங்க. அது 1/35 ஆக அமைஞ்சது. மற்றவங்களும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க.

இப்போ கால்குலேட்டரை எடுங்க. நிஜ டி-34-இன் அகலம் 3 மீட்டர், மாடலில் 85.7 மி.மீ. முன்பக்கக் கவசத் தகடு 45 மி.மீ.; மாடலில் 1.3 மி.மீ. அந்தத் தகடு செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்ஞ்சிருக்கும். நேரா வர்ற குண்டு கடக்க வேண்டிய தூரம் 45-ஐ காஸ் 60-ஆல் வகுத்தால் 90 மி.மீ. குண்டு கடக்க வேண்டிய தடிமன் ரெட்டிப்பு ஆகுது. அதனால ஒட்டும்போது கோணம் தப்பக் கூடாது. ரெண்டு டிகிரி மாறினாலும் டாங்கியோட முகமே மாறிடும்.

அடுத்து ஃபெண்டர், அதாவது சக்கரத்துக்கு மேல இருக்கும் மட்கார்டு. கிட்டில் அது சுமார் 1 மி.மீ. தடிமன் இருக்கும். 35-ஆல் பெருக்கினால் 35 மி.மீ.! நிஜத்தில் அது சில மில்லிமீட்டர் தகடுதான். பிளாஸ்டிக்கை அதுக்குக் கீழே அச்சு வார்ப்பது கஷ்டம், அதனால இப்படி. இதுக்காகப் பித்தளைத் தகடு செட் தனியா விக்கிறாங்க, விலை ஜாஸ்தி. காலி கூல்டிரிங்ஸ் கேனை வெட்டுங்க. அந்த அலுமினியம் சுமார் 0.1 மி.மீ.; நிஜ அளவில் 3.5 மி.மீ. வெட்டி, லேசா வளைச்சு, ஒரு மூலையை நசுக்கி ஒட்டினா, மரத்துல இடிச்ச ஃபெண்டர் ரெடி. விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், கை பத்திரம்.

எதைத் தேய்க்கணும்?

கிட் பாகங்கள் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். இன்ஜெக்‌ஷன் மோல்டிங் படிச்சவங்களுக்கு இதெல்லாம் பழைய சிநேகிதங்கள்தான்:

1. அச்சின் ரெண்டு பாதி சேரும் இடத்துல ஓடும் மெல்லிய கோடு. கத்தியின் முதுகால சுரண்டி எடுங்க.
2. பாகத்தை அச்சிலிருந்து தள்ளும் எஜெக்டர் பின் விட்ட வட்டத் தடம். 2 மி.மீ. தடம் என்றால் நிஜத்தில் 7 செ.மீ. பள்ளம். வெளியே தெரியும்னா புட்டி வச்சு அடைங்க.
3. தடிமனான இடம் ஆறும்போது உள்வாங்கி விழும் குழி. இதுக்கும் புட்டிதான்.

இவ்வளவுதான் உப்புத்தாளுக்கு வேலை. ஒட்டுறதுக்கு ஃபெவிகுவிக் வேண்டாம். மாடல் சிமெண்ட் வாங்குங்க. அது உண்மையில் பசை இல்லை, கரைப்பான். ரெண்டு பக்கப் பிளாஸ்டிக்கையும் இளக்கி, மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோட ஒன்று பின்ன விட்டுட்டு ஆவியாயிடும். ஒரு வகையில் வெல்டிங் மாதிரி. ஆவி தலைவலி கொடுக்கும், அதனால ஹாஸ்டல் ரூமில் ஜன்னலைத் திறந்து வச்சுட்டு வேலை பாருங்க.

எதைத் தேய்க்கக் கூடாது?

வார்ப்பு: உங்க கிட்டில் இருக்கும் டரட் வார்த்ததா, தகடு வெல்டிங் பண்ணதா என்று முதல்ல பாருங்க. 1942-இல் ரெண்டும் இருந்தது. வார்த்த டரட் மணல் அச்சில் ஊற்றியது. மணல் மணியோட தடம் அப்படியே மேல நிற்கும். அச்சு சேர்ந்த கோடுகூடப் பல டரட்களில் அப்பட்டமாகத் தெரியும். கிட்டோட கோட்டை எடுக்கணும், டாங்கியோட கோட்டை வைக்கணும், வேடிக்கைதான்! கிட் வழவழன்னு இருந்தா புட்டியை மாடல் சிமெண்டில் கரைச்சுத் தடவி, காயும் முன்னாடி பழைய டூத்பிரஷ்ஷால குத்துங்க.

வெல்டிங்: கிட்டின் மிச்சச் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவர்த்திக்கு மேல காட்டி, இளகினதும் இழுத்தா நூல் மாதிரி வரும். அதைத் தகடு சேரும் மூலையில ஒட்டி, சிமெண்ட் தடவி, இளகினதும் கத்தி நுனியால வரிசையா அழுத்துங்க. 10 மி.மீ. வெல்டிங் என்றால் மாடலில் 0.3 மி.மீ. தான், தடிமனா போட்டுடாதீங்க. கையால பண்ண வெல்டிங் கோணல்மாணலா இருக்கும். ஆனா கீவ் நகரிலிருந்து தன் ஆய்வுக்கூடத்தோட நிஸ்னி தாகிலுக்கு வந்த யெவ்கேனி பாட்டன், ஃபிளக்ஸ் தூளுக்கு அடியில் ஆர்க் எரியும் தானியங்கி வெல்டிங்கை டாங்கி உடலுக்குக் கொண்டுவந்தார். அனுபவமில்லாதவங்களும் இயக்கலாம். அந்த வெல்டிங் சீரா, நேரா இருக்கும். ஆக, உங்க டாங்கி எந்தத் தொழிற்சாலையில் செஞ்சது என்பது வெல்டிங் கோட்டிலேயே தெரியணும்.

வெட்டு: தகடுகளை கேஸ் டார்ச்சால் வெட்டினாங்க. வெட்டு விளிம்பில் நெருக்கமான கீறல்கள் நிற்கும். சின்ன ரம்பத்தால விளிம்பில் லேசா இழுத்தா போதும்.

சக்கரமும் சங்கிலியும்

ரப்பர் தட்டுப்பாடு வந்தப்போ, ஸ்டாலின்கிராட் டிராக்டர் தொழிற்சாலை போன்ற இடங்களில் ரப்பர் டயர் இல்லாம இரும்பு விளிம்பு வச்ச சக்கரம் போட்டாங்க. அதிர்வைத் தாங்க உள்ளே மட்டும் கொஞ்சம் ரப்பர். சில டாங்கிகளில் முதல், கடைசிச் சக்கரத்துக்கு மட்டும் ரப்பர் டயர், நடுவில் மூணும் இரும்பு. ஸ்டோரில் என்ன இருந்ததோ அது. கிட்டில் ரெண்டு வகைச் சக்கரமும் இருந்தா, ஒரு நிஜப் புகைப்படத்தைத் தேர்ந்தெடுத்து அதையே பின்பற்றுங்க. ஒவ்வொரு தொழிற்சாலை வண்டியிலிருந்தும் பிடிச்சதை எடுத்துச் சேர்த்தா, எங்கேயும் இல்லாத டாங்கி ஒன்று வந்து நிற்கும்.

பின்பக்கம் உடலின் ஓரத்தில், ஓட்டும் சக்கரத்துக்குப் பக்கத்தில், சின்னதா ஒரு சாய்வுத் துண்டு இருக்கும். அழுக்குன்னு நினைச்சு வெட்டி எறிஞ்சுடாதீங்க. டிராக் சங்கிலியின் கண்ணிகளை இணைக்கும் பின்களுக்கு உள்பக்கம் பூட்டு கிடையாது, தலை மட்டும்தான். ஓடும்போது பின் உள்பக்கமா நழுவி வரும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சாய்வுத் துண்டு தலையில் இடிச்சு, பின்னைத் திரும்ப உள்ளே தள்ளிடும். நட்டு இல்லை, காட்டர் பின் இல்லை, ஒரு இரும்புத் துண்டு போதும். டிசைன் வகுப்பில் எளிமை என்று சொல்றாங்களே, அது இதுதான்.

சங்கிலி மேல்பக்கம் தொய்ஞ்சு சக்கரங்கள் மேல படுத்திருக்கணும். டி-34-இல் மேல தாங்கும் தனி உருளைகள் கிடையாது. கிட்டோட வினைல் சங்கிலி இறுக்கமா நிற்கும், தானா தொய்யாது. ஏன்? நீளம் 35-இல் ஒரு பங்கு என்றால் எடை 35-இன் மும்மடி, அதாவது 42,875-இல் ஒரு பங்கு. 28.5 டன் டாங்கி அதே இரும்பில் செஞ்சாலும் 665 கிராம்தான் வரும். பிளாஸ்டிக்கில் இன்னும் குறைவு. தன் எடையில் தொய்ய அதுக்குத் தெம்பு இல்லை. நீங்கதான் ஒவ்வொரு சக்கரத்துக்கு மேலயும் அழுத்தி ஒட்டணும்.

வண்ணம்

கரும்பச்சை அடிங்க, ஆனா டப்பாவில் இருப்பதைவிட ஒரு சாயல் வெளிறலா. சின்னப் பொருளில் முழு அடர் நிறம் கறுப்பாத் தெரியும். துருவைக் கொட்டிடாதீங்க. புகைக்குழாய் சூட்டில் துருப்பிடிக்கும், சங்கிலி பழுப்பாகும், தரையில் உரசும் இடம் பளபளக்கும். ஆனா கவசம் முழுக்கத் துரு ஏறணும்னா டாங்கி அவ்வளவு நாள் பிழைச்சிருக்கணும். நிறைய டாங்கிகளுக்கு அது வாய்க்கலை. தூசி போடுங்க, அது நிஜம்.

ஒரு எச்சரிக்கை

இதையெல்லாம் படிச்சுட்டு 'சொதப்பலா செஞ்சாலும் ஜெயிக்கலாம் போல' என்று அடுத்த லேப் ரெக்கார்டில் காட்டிடாதீங்க. 1942-இல் அமெரிக்காவின் அபர்டீன் சோதனைத் தளத்துக்கு ஒரு டி-34 போனது. ஏர் ஃபில்டர் மோசமா இருந்ததால தூசி இன்ஜினுக்குள்ள புகுந்து, இன்ஜினே பாழாப்போச்சு. வெளிப்பக்க வார்ப்பு சொரசொரன்னு இருந்தா யாருக்கும் நஷ்டம் இல்லை. காற்று போற வழியில் அலட்சியம் காட்டினா வண்டி நடுவழியில் நிற்கும், உள்ளே இருப்பவங்க சாவாங்க. எங்கே டாலரன்ஸ் தளர்த்தலாம், எங்கே கூடாது என்று பிரிக்கத் தெரிஞ்சவன்தான் இன்ஜினியர்.

கடைசியா, மூடியை ஒட்டும் முன்

டரட் உட்காரும் வளையத்தின் விட்டம் நிஜத்தில் 1,420 மி.மீ. மாடலில் 40.6 மி.மீ.; கிட்டத்தட்ட ஒரு கேரம் ஸ்ட்ரைக்கர். 1.70 மீட்டர் ஆள் இந்த அளவில் 48.6 மி.மீ. உயரம். அப்படி ரெண்டு பொம்மையை எடுத்து, பீரங்கியோட பின்பகுதியும் உள்ளே வந்த பிறகு, அந்த வட்டத்துக்குள்ள உட்கார வச்சுப் பாருங்க. ஒருத்தர் குண்டு போடுறவர். இன்னொருத்தர் கமாண்டர், எதிரியைத் தேடணும், டிரைவருக்கு வழி சொல்லணும், பீரங்கியைக் குறி பார்த்துச் சுடவும் செய்யணும். பல வண்டிகளில் ரேடியோ கிடையாது. மேலே ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பெரிய மூடி இருந்த வடிவமும் உண்டு. திறந்தா முன்பக்கமா நிமிர்ந்து கமாண்டரோட பார்வையை மறைக்கும். 1944-இல் 85 மி.மீ. பீரங்கியோட பெரிய டரட் வந்த பிறகுதான் மூணாவது ஆளுக்கு இடம் கிடைச்சது.

அந்த மூடியைத் திறந்த நிலையில ஒட்டுங்க. அலமாரியில் வச்ச உங்க டாங்கியைப் பார்த்து, "இது ஏன் முன்பக்கமாத் திறக்குது? முன்னாடி எப்படிப் பார்ப்பாங்க?" என்று ஒரு ஜூனியர் கேட்டா, மாடல் சரியா வந்திருக்குன்னு அர்த்தம்.