பழைய கைபேசியில் தங்கம்

கேள்வி: பழைய கைபேசி, கணினிப் பலகைகளை அமிலத்தில் போட்டு வீட்டிலேயே தங்கம் எடுக்கலாம் என்று காணொளிகளில் காட்டுகிறார்களே, முயன்று பார்க்கலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: தயவுசெய்து வேண்டாம். தங்கம் இருப்பது உண்மைதான். சிம் கார்டின் தொடுபரப்பு, ரேம் பலகையின் விளிம்பு, பழைய பிராசஸரின் ஊசிகள் ஆகியவற்றில் அது முலாமாகப் பூசப்பட்டிருக்கும். துருப்பிடிக்காமல் மின்சாரத்தைக் கடத்துவதால் இந்த வேலைக்குத் தங்கம்தான் தோது. ஆனால் அது மிக மெல்லிய பூச்சு.

டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக ஜப்பானியர்கள் 2017 முதல் 2019 வரை சுமார் 79,000 டன் சிறு மின்கருவிகளையும் 62 லட்சம் கைபேசிகளையும் திரட்டினார்கள். அத்தனையிலிருந்தும் கிடைத்த தங்கம் 32 கிலோ! வெள்ளி 3,500 கிலோ. உங்களிடம் இருக்கும் ஒரு பை நிறையப் பலகைகளில் எவ்வளவு தேறும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஆபத்தும் அதிகம். இதற்குப் பயன்படுத்தும் நைட்ரிக் அமிலம் உலோகத்தைக் கரைக்கும்போது எழும் பழுப்புப் புகை நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும். மூச்சுத்திணறல் பல மணி நேரம் கழித்துக்கூட வரும் என்பதுதான் இதில் கொடுமை. மிச்சமாகும் கரைசலில் செம்பும் ஈயமும் இருக்கும். அதைச் சாக்கடையில் ஊற்றினால் பாதிக்கப்படுவது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும்தான்.

நல்ல நிலையில் இருக்கும் ரேம், ஹார்டு டிஸ்க், சார்ஜர் ஆகியவற்றைக் கழற்றிப் பழுதுபார்ப்பவரிடம் விற்றால் அமிலத்தில் கரைத்துப் பெறுவதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். ஹார்டு டிஸ்க்கில் உள்ளதை முதலில் முழுமையாக அழித்துவிடுங்கள். மற்றதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். உப்பிய பேட்டரியை மட்டும் குத்தவோ நெம்பவோ கூடாது; தீப்பிடிக்கும்.