புதுக் கணனி வாங்க முன்...

எருக்கலம்பிட்டியில் எங்கள் வீட்டுக் கணனி திறக்கவே ஐந்து நிமிடம் எடுத்தது. "புதிது வாங்குங்கள்" என்றார் கடைக்காரர். நான் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டு, ரேமை 4 ஜீ.பீ.யிலிருந்து 8 ஆக்கினேன். வேகம் வந்தது. ஆனால் பழைய டிஸ்க்கைப் பிரதி எடுக்காமலே அழித்துவிட்டேன். கடையின் மூன்று வருடக் கடன் கணக்கும் அதோடு போயிற்று.

எனவே வாசகர்களே, முதலில் கோப்புகளை இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள். அடுத்து, கணனி விண்டோஸ் 11ஐ ஏற்குமா, டீ.பீ.எம். 2.0 உண்டா எனப் பாருங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஏற்காவிட்டால் பழையதில் பணம் போடாதீர்கள். நம் ஊர் உப்புக்காற்று உட்பாகங்களை அரிக்கும்; கடல் பார்த்த ஜன்னலருகே வைக்காதீர்கள். மாதமொருமுறை மின்சாரத்தை நிறுத்தித் தூசி தட்டுங்கள்.