வாடகை வீட்டுக்கும் அடக்கவிலை உண்டு

சிங்கப்பூரில் வாழும் நம்மவர் பலருக்கு ஓர் ஆசை உண்டு. குடியிருக்க வீவக வீடு ஒன்று இருக்கிறது; சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும் கையில் இருக்கிறது; தனியார் வீடு ஒன்று வாங்கி வாடகைக்கு விட்டால் வயதான காலத்துக்கு ஆகுமே என்பதுதான் அது. எண்ணம் நல்லதே. ஆனால் ஒரு மூட்டை அரிசி வாங்கினாலும் வண்டிக்கூலி, இறக்குகூலி, சேதாரம் எல்லாம் சேர்த்து அடக்கவிலை போடுகிற நாம், ஆயுட்காலச் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்கும்போது மட்டும் தரகர் சொல்லும் விலையையும் வாடகையையும் கேட்டதோடு நின்றுவிடலாமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் விலை 1,000,000 வெள்ளி, மாத வாடகை 3,500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 42,000. நூற்றுக்கு நான்குக்கு மேல் வருகிறதே என்று மனம் மகிழும்.

முதலில் கொள்முதலைக் கவனிப்போம். வாங்குவோர் முத்திரைத் தீர்வை 24,600 வெள்ளி. அதோடு, இரண்டாவது வீடு வாங்கும் சிங்கப்பூர்ப் பிரஜைக்குக் கூடுதல் தீர்வை நூற்றுக்கு 20; 2023 ஏப்ரல் 27 முதல் விகிதம் இதுதான். அது 200,000 வெள்ளி. ஆக, அடக்கம் 1,224,600 வெள்ளி.

இனி வரவு. ஆள் மாறும்போது ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் வாடகை 38,500 ஆகிவிடும். பராமரிப்புக் கட்டணம் மாதம் 350 வீதம் 4,200 போகும். சொந்தக்காரர் குடியிராத வீட்டுக்கு, ஆண்டு மதிப்பில் முதல் 30,000 வெள்ளிக்கு நூற்றுக்கு 12, அடுத்த 15,000 வெள்ளிக்கு நூற்றுக்கு 20 சொத்து வரி உண்டு. ஆண்டு மதிப்பு 36,000 எனில் வரி 4,800. தரகுக்கும் பழுதுபார்ப்பதற்கும் 3,500 ஒதுக்கினால், மீதி 26,000. போட்ட முதலுக்கு நூற்றுக்கு இரண்டு வெள்ளியும் சில்லறையுமே! கடன் செலவும் வருமான வரியும் இன்னும் கழியவில்லை. மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்கிலுள்ள பணத்துக்கோ, எந்தத் தொல்லையுமின்றி நூற்றுக்கு இரண்டரை சேர்கிறது.

“விலை ஏறுமே!” என்பார்கள். ஏறலாம். ஆனால் நினைத்தவுடன் விற்றுக் காசாக்க முடியாது. 2025 ஜூலை 4 முதல் வாங்கிய வீட்டை முதல் வருஷத்துக்குள் விற்றால் நூற்றுக்கு 16, இரண்டாவதில் 12, மூன்றாவதில் 8, நான்காவதில் 4 என விற்போர் தீர்வை கட்ட வேண்டும்.

குத்தகை வீடாயின், மீதி வருஷம் எத்தனை என்பதையும் கேட்க வேண்டும். கேலாங் லோரோங் 3-இல் 60 வருஷக் குத்தகையில் இருந்த 191 வீடுகள், தவணை முடிந்து 2020 டிசம்பர் 31-இல் அரசாங்கத்திடம் திரும்பின. நஷ்டஈடு கிடையாது. அவற்றில் கடைசிக் காலத்தில் வாங்கியவர்களும் இருந்தார்கள். குறைந்த விலை என்று மயங்குவோர் இதனை மறக்கலாகாது.

அப்படியானால் சிறு முதல் உள்ளவருக்கு வழியே இல்லையா? உண்டு. மூவறை வீடோ அதைவிடப் பெரிய வீவக வீடோ வைத்திருப்பவர், கழகத்தின் அனுமதி பெற்று, ஓர் அறையை ஆறு மாதத்துக்குக் குறையாமல் வாடகைக்கு விடலாம். புதுக் கடனில்லை, கூடுதல் தீர்வையுமில்லை. வரும் வாடகையை மட்டும் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் வீடு வாங்குவதே சரியென்று பட்டால் வாங்கலாம். ஆனால் ஆறு மாதம் வாடகை வராவிட்டாலும் கடைச் சரக்கிலோ பிள்ளைகளின் படிப்புப் பணத்திலோ கை வைக்காமல் தவணை கட்ட முடியுமா என்று பார்ப்போம். அடக்கவிலை, நிகர வரவு, மீதிக் குத்தகை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி, வீட்டாரோடு கலந்து பேசுவோம். முன்பணம் கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.