தைத்த கலமும் புதைத்த கலமும்

செங்கல்பட்டுப் பள்ளிகளிலிருந்து மாமல்லபுரம் வரும் மாணவர்கள் கடற்கரைக் கோயிலைக் கண்டு திரும்புகின்றனர். அருகே மணலில் கிடக்கும் படகுகளை நின்று நோக்குவோர் சிலரே.

நார்வே நாட்டின் கோக்ஸ்டாட் என்னுமிடத்தில் 1880இல் ஒரு மண்மேட்டை அகழ்ந்தபோது, ஏறத்தாழ 23 மீட்டர் நீளமுள்ள வைக்கிங் மரக்கலம் வெளிப்பட்டது. தலைவன் ஒருவனின் உடலோடு புதைக்கப்பட்ட அதனைக் களிமண் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் காத்திருந்தது. பலகைகளை ஒன்றோடொன்று இணைத்தவை இரும்பாணிகள். ஆயினும் நீர்மட்டத்திற்குக் கீழுள்ள பலகைகள் குறுக்குச் சட்டங்களோடு கட்டுகளாலேயே பிணைக்கப்பட்டிருந்தன. அலை மோதுகையில் கலம் வளைந்துகொடுக்க அது உதவியது.

சோழமண்டலக் கரையின் மசூலாப் படகில் ஆணியே இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தனர். சென்னையில் துறைமுகம் அமையுமுன், தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆளையும் சரக்கையும் அலைகளினூடே கரைசேர்த்தது இப்படகே. இறுக ஆணியடித்த படகு அவ்வலையில் தரைமோதினால் பிளந்துவிடும். தைத்த படகோ நெகிழ்ந்து தாங்கும்.

கட்டுமரத்தையோ கரையேறியதும் அவிழ்த்து, மரங்களை வெயிலில் உலர்த்துவர். பிரித்துப் பிரித்துக் கட்டும் கலம் அருங்காட்சியகத்துக்கு எங்ஙனம் எஞ்சும்? நம்மவர் கலங்களைப் புதைக்கவில்லை, பயன்படுத்தியே தீர்த்தனர்.

இன்று இக்கரையில் கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி. பழைய முடிச்சுகளை அறிந்த முதியவர் எவரேனும் குப்பத்தில் இருப்பின், அவரிடம் கேட்டு அம்முடிச்சுகளைக் குறிப்பேட்டில் வரைந்து வருக.