பட்டறை வாங்கப் பத்திரம் எழுதுவது எப்படி?

மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்

டிப்ளமா முடித்துச் சில வருஷம் வேலை பார்த்த பிறகு நம்மில் சிலர் சொந்தப் பட்டறை வைப்போம். புதிதாக வைப்பதைவிட, ஓடுகிற பட்டறையை வாங்குவது பலருக்குக் கட்டுப்படியாகும். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிப் படி ஏறியவன் நான். அப்பா இருபது வருஷமாக லேத் ஓட்டும் பட்டறையை முதலாளி விற்கிறார். அப்பாவும் உடன் வேலை செய்யும் இருவரும் சேர்ந்து வாங்க நினைக்கிறார்கள். "நீதான்டா படிச்சவன், பத்திரத்தைப் பாரு" என்றார் அப்பா. அதற்காகப் படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கம்பெனியின் பங்குகளை வாங்கினால் பழைய கடனும் வழக்கும் கம்பெனியோடு கூடவே வரும். சொத்துக்களை மட்டும் வாங்கினால், எதை எடுத்துக்கொள்கிறோம், எந்தக் கடனை ஏற்கிறோம் என்று பிரித்து எழுதலாம். தனி ஆள் நடத்தும் பட்டறைக்குப் பங்கே கிடையாது. ஆகவே இந்த வழிதான்.

ஒப்பந்தத்தின் உயிர் கடைசியில் வரும் சொத்துப் பட்டியலில் இருக்கிறது. "லேத் ஒன்று" என்று எழுதினால் போதாது. தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், பெட் நீளம், மோட்டாரின் குதிரைத்திறன், நான்கு தாடை சக், ஸ்டெடி ரெஸ்ட், மாற்றுப் பல்சக்கரங்கள் வரை எழுதணும். இல்லாவிட்டால் நல்ல சக்கைக் கழற்றிவிட்டுத் தேய்ந்ததை மாட்டிக் கொடுக்கலாம், கேட்க முடியாது. வக்கீலுக்குச் சட்டம் தெரியும், சக் தெரியுமா? இந்தப் பகுதி நம்ம வேலை.

இயந்திரங்களின் பேரில் வங்கிக் கடன் இருந்தால், அது தீர்ந்தது என்று வங்கி எழுதித் தரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்கக் கூடாது.

"பழைய பாக்கி எங்களைச் சேராது" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்பார்கள். அந்த வரி விற்பவரைக் கட்டுப்படுத்தும், அரசைக் கட்டுப்படுத்தாது. 2017ஆம் ஆண்டின் மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 85ஆம் பிரிவுப்படி, தொழில் கைமாறும் நாள் வரையுள்ள வரி, வட்டி, அபராதத்துக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு. எனவே விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, வரிக் கணக்கு முடிந்ததும் தருவதாக எழுதணும்.

முதலாளி அடுத்த தெருவிலேயே புதுப் பட்டறை போட்டால்? தொழில் செய்யக் கூடாது என்ற ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. ஆனால் தொழிலின் நற்பெயரை விற்றவரை, நியாயமான எல்லைக்குள் அப்படித் தடுக்கலாம். ஆகவே பட்டியலில் லேத்தோடு நற்பெயரும் ஒரு பொருளாக இடம்பெற வேண்டும்.

பட்டறையில் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய பழைய சர்வீசுக்குப் பணிக்கொடை யார் தருவது? முதலாளி தந்த நகலில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாங்குகிற மூவர் போக ஒன்பது பேர் மிச்சம். நாளைக்கு அவர்கள் கேட்கப்போவது அப்பாவிடம்தான். ஒவ்வொருவர் பெயர், சேர்ந்த தேதி, சேர வேண்டிய தொகை எல்லாம் எழுதி, அதை விலையில் கழிக்கும்படி ஒரு வாசகம் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். இன்னும் கையெழுத்தாகவில்லை.