லீவில் வரும் அப்பா

அன்புள்ள கண்மணிக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. மாப்பிள்ளையின் யூனிட் பீஸ் ஸ்டேஷனை விட்டு லடாக் பக்கம் நகரப்போகிறது, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே இருப்பது, பெரியவன் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குப் பெரிதாகத் தோன்றுவதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா ஃபீல்டில், அதாவது எல்லைப் பணியில், இருப்பதால் மட்டும் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போவதில்லை. வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை இருக்கிறதே, வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பியே ராணுவப்பேட்டை என்று பெயர் வாங்கிய ஊர். அங்கே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அப்பாவை லீவில் பார்த்தேதான் வளர்ந்திருக்கிறார்கள். நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. பெட்டி நிறைய சாமானோடு வருவார், வீடே விழுந்து விழுந்து கவனிக்கும், பிறகு போய்விடுவார், அப்பா என்றால் இப்படி ஒருவர் என்று பிள்ளை மனதில் பதிந்துவிடக் கூடாது. சிப்பாயாகச் சேர்ந்தவர்களில் பலர் நாற்பது வயதுக்கு முன்பே பென்ஷனோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அப்போது பிள்ளை பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கும். ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தும் இரண்டு பேருக்கும் பேச விஷயம் இருக்காது. பட்டாளத்து வீடுகளில் இதை நிறையப் பார்த்துவிட்டேன். உன் வீட்டில் இது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும்.

எங்கே இருப்பது என்பதற்கு வருகிறேன். ஃபீல்டில் குடும்பம் வைத்துக்கொள்ள முடியாது. அப்படிப் போகிறவர்களின் குடும்பங்களுக்கென்று சில ஸ்டேஷன்களில் தனிக் குவார்ட்டர்ஸ் உண்டு. விண்ணப்பித்தால் காலியிருப்பதைப் பொறுத்துக் கிடைக்கும். அங்கே அக்கம்பக்கம் எல்லாம் உன்னைப் போன்றவர்கள், கேந்திரிய வித்யாலயாவும் பக்கத்தில் இருக்கும். பெரியவன் நாலாவது ஐந்தாவது படித்தால் அதையே எடு என்பேன். ஆனால் அவனுக்கு ஐந்து வயது, சின்னவளுக்கு இரண்டு. நடுராத்திரி ஒன்றுக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொன்றை யார் பார்ப்பது? ஆகவே இப்போதைக்கு உன் மாமியார் வீடு நல்லது என்று நினைக்கிறேன். குழந்தை டாக்டரும் பள்ளிக்கூடமும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. எங்கே இருந்தாலும் ஒரே இடமாக இரு. பத்து நாள் அம்மா வீடு, பத்து நாள் மாமியார் வீடு என்று அலைந்தால், அப்பாவும் இல்லை, படுக்கும் இடமும் நிலையில்லை என்று பிள்ளைகள் நச்சரிக்க ஆரம்பித்துவிடும்.

அவர் கிளம்பும் நாளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிள்ளைகள் தூங்கும்போது சத்தம் காட்டாமல் கிளம்பிப் போவது நம் பக்கத்தில் வழக்கம். அழுவார்களே என்ற பாசம்தான். நான் இதற்கு முழுக்க எதிரி. தூங்கி எழுந்தால் அப்பா இல்லை என்று ஒரு தடவை கண்ட குழந்தை, அடுத்து அம்மாவும் அப்படிப் போய்விடுவாளோ என்று தூங்கவே பயப்படும். உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் படுக்கும். விழித்திருக்கும்போதே சொல்லிவிட்டுப் போகட்டும். பெரியவன் தெருவே பார்க்க அழட்டும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

எங்கே போகிறார் என்பதையும் உள்ளபடி சொல். ‘ஆபிஸுக்குப் போயிருக்கார், நாளைக்கு வந்துடுவார்’ என்பது வேண்டாம். ‘ரொம்பத் தூரத்துல பெரிய மலை இருக்கு, எப்பவும் குளிரும், அங்க காவல் பார்க்கிறது அப்பா வேலை, கூட நிறைய மாமாங்க இருக்காங்க, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்குவாங்க’ என்றால் ஐந்து வயதுக்குப் போதும். எப்போது வருவார் என்று கேட்டால் தேதி சொல்லாதே. ‘பொங்கல் கழிஞ்சு, வெயில் வந்த பிறகு’ என்று பருவத்தைச் சொல். சிப்பாய்களுக்கு வருஷத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவு, 30 நாள் கேஷுவல் லீவு என்று கணக்கு இருக்கிறது. ஆனால் எல்லையில் ஏதாவது என்றால் லீவு ரத்தாகும். ரத்தாகாவிட்டாலும் பனி விழுந்தால் ஜோஜிலா கணவாய் மூடிக்கொள்ளும், லேவிலிருந்து விமானம் கிளம்பாது. காலண்டரில் நாளுக்கு நாள் கோடு போட்டுவந்த பிள்ளைக்கு அந்த நாளில் அப்பா வராவிட்டால், நீ என்ன சமாதானம் சொன்னாலும் ஏறாது. அவர் கீழே இறங்கி ரயில் ஏறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

லே 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. போய் இறங்கியதும் மேலே அனுப்பமாட்டார்கள். உடம்பு பழகுவதற்காக முதல் ஆறு நாள் கீழேயே வைத்திருப்பார்கள். அந்த நாட்களில் போனில் பேசும்போது மூச்சு வாங்கும், தலைவலி என்பார். அதைக் கேட்டு நீ பதறிப்போய் பிள்ளைகளையும் பதற வைக்காதே. உயரத்தின் தன்மை அது. அவரைப் பார்த்துக்கொள்ள அங்கே டாக்டர்கள் இருக்கிறார்கள்.

போன் விஷயத்தில் நீங்கள் எங்களைவிடக் கொடுத்துவைத்தவர்கள். உன் மாமா காலத்தில் 56 ஏபிஓ என்று முகவரி எழுதி இன்லாண்ட் லெட்டர் போட்டுவிட்டு, பதிலுக்குத் தபால்காரர் சைக்கிள் மணியைக் கேட்டுக்கொண்டிருப்போம். இப்போது சியாச்சின் பனிப்பாறையிலேயே 2023-ல் பிஎஸ்என்எல் கோபுரம் வைத்துவிட்டார்கள். ஆனாலும் எல்லா போஸ்டிலும் சிக்னல் இருக்காது. ஆகவே ‘தினம் ராத்திரி எட்டு மணிக்கு அப்பா பேசுவார்’ என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதே. பேசக் கிடைத்த அன்று அது பண்டிகையாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டு வயதுக் குழந்தை போனில் பேசாது. ‘அப்பாவுக்கு முத்தம் குடு, ரைம்ஸ் சொல்லிக் காட்டு’ என்று அவள் முகத்துக்கு நேரே போனை நீட்டினால் தலையைத் திருப்பிக்கொள்வாள். அங்கே அவருக்கு மனசு வெந்துபோகும். போனைச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு நீ பாட்டுக்கு அவளுக்குச் சோறு ஊட்டு. அவள் துப்புவதையும் ஓடுவதையும் அவர் பார்க்கட்டும், நடுவில் ஏதாவது சொல்லட்டும். குரல் பழகும். பெரியவனிடம் ‘நல்லா படிக்கிறியா’ என்று கேட்க வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். அதற்கு அவன் ‘ம்’ என்பான், அதோடு பேச்சு முடிந்துவிடும். பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதா, யார் பென்சிலை உடைத்தார்கள் என்று கேட்கச் சொல். அதற்கு நீதான் அவருக்கு முன்கூட்டியே துப்புக் கொடுக்க வேண்டும். அன்றன்றைக்கு நடந்ததில் ஒன்றிரண்டை எழுதி அனுப்பிவிடு. சிக்னல் கிடைக்கும்போது படித்து வைத்துக்கொள்வார்.

தபாலையும் விட்டுவிடாதே. படைத் தபால் இன்றைக்கும் போகிறது. மாதத்துக்கு ஒரு முறை, வெள்ளைத்தாளில் இரண்டு பிள்ளைகளின் பாதத்தையும் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, தேதி போட்டு அனுப்பு. சின்னவள் கூச்சத்தில் விரலை மடக்குவாள், கோடு கோணல்மாணலாக வரும், அப்படியே அனுப்பு. போனில் தெரியாத வளர்ச்சி அந்தத் தாளில் தெரியும். லீவில் கிளம்பும்போது அந்த அளவை வைத்தே அவர் செருப்பு வாங்கலாம். வாங்கி வந்தது காலுக்குச் சரியாக இருந்தால், அப்பாவுக்கு என் கால் தெரியும் என்று பெரியவனுக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும், நினைத்துப் பார்.

அவர் இருக்கும் இடம், யூனிட் நகரும் நாள், சீருடைப் படம் எதையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்காதே. பாதுகாப்பு காரணமாக 2020-ல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளைப் போனிலிருந்து நீக்கச் சொல்லி ராணுவம் உத்தரவே போட்டது. குடும்பத்தில் இருக்கிற நமக்கும் அந்தக் கவனம் வேண்டும்.

‘அப்பா வரட்டும், சொல்லித் தரேன்’ என்று பிள்ளைகளை மிரட்டும் பேச்சை உன் வாயிலும் மாமியார் வாயிலும் வரவிடாதே. வருஷம் முழுக்க அப்பாவைச் சொல்லி மிரட்டிவிட்டு, அவர் வாசலில் வந்து நிற்கும்போது ஓடிப் போய்க் கட்டிக்கொள் என்றால் பிள்ளை எப்படிப் போகும்? கண்டிக்க வேண்டியதை அப்போதே நீ கண்டித்து முடித்துவிடு. வீட்டில் தீர்ப்பும் உன்னுடையதுதான். எல்லாவற்றுக்கும் அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நிறுத்தி வைத்தால், அங்கே காவலில் இருப்பவருக்கும் பாரம், இங்கே பிள்ளைகளுக்கும் குழப்பம்.

பயத்தைப் பற்றி நீ எழுதவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிச்சரிவில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-வது பட்டாலியனில் பத்துப் பேர் போனார்கள். நம் ஜில்லாப் பிள்ளையும் அதில் உண்டு. 2020 ஜூனில் கல்வானில் நடந்த மோதலில் இருபது பேர். இதையெல்லாம் நாம் மறந்துவிட முடியாது. ஆனால் கடந்த சில ஆண்டுகளில் டிவியே பெரிய தொல்லையாகிவிட்டது. 2025 மே மாதம் பாகிஸ்தானோடு சண்டை நடந்த அந்த நாலு நாளும், நடக்காததையெல்லாம் நடந்ததாகச் சில சேனல்கள் இரவெல்லாம் கத்தின. பட்டாளத்து வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் தூங்காமல் கிடந்தார்கள்! அந்த மாதிரி நாட்களில் பிள்ளைகள் விழித்திருக்கும் வரை டிவியை நிறுத்தியே வை. எதுவானாலும் யூனிட்டிலிருந்து முறையாகத் தகவல் வரும். உனக்கு அழுகை வந்தால் அழு. மிலிட்டரிக்காரர் பெண்சாதி அழக் கூடாது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. பெரியவன் பார்த்துவிட்டுக் கேட்டால், ‘அப்பா ஞாபகம் வந்துச்சு, அதான்’ என்று சொல். அவனுக்கும் அந்த ஞாபகம் வரும், அவனும் சொல்லலாம் என்று தெரிந்துகொள்வான். நாள்கணக்கில் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் மட்டும் டாக்டரிடம் போகத் தயங்காதே.

கிளம்பும் முன் காகிதங்களைச் சரிபார்த்துவிடு. கல்யாணமும் இரண்டு பிள்ளைகளின் பிறப்பும் பார்ட் டூ ஆர்டர் என்கிற யூனிட் பதிவில் ஏறியிருக்கிறதா என்று மாப்பிள்ளை யூனிட் கிளார்க்கிடம் கேட்டு வரட்டும். நம்மூர் இனிஷியல்தான் இதில் பெரிய சிக்கல். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, ரெக்கார்டில் வேறு மாதிரி இருந்தால் பிள்ளைகளுக்கான கல்விப் படியும் டிபெண்டன்ட் கார்டும் இழுத்தடிக்கும். சம்பளக் கணக்கு உன் பெயரையும் சேர்த்து ஜாயின்டாக இருக்கட்டும். சிக்கல் ஏதாவது வந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நலத்துறைக்காரர்களைப் பார். இப்போது பணியில் இருப்பவர்களின் குடும்பத்துக்கும் அவர்கள் உதவுவார்கள்.

இனி லீவு. அவர் வந்து இறங்கியதும் சின்னவள் உன் கால் பின்னால் ஒளிவாள், ‘யாரு இது’ என்று கேட்டாலும் கேட்பாள். மாமியார் உடனே தூக்கி அவர் கையில் திணிக்கப் பார்ப்பார், விடாதே. அவர் தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரிக்கட்டும், அவளாகக் கிட்டே வருவாள். ஒரு நாளோ நாலு நாளோ ஆகும். மாப்பிள்ளைக்கு இது ரொம்ப வலிக்கும், முன்னாலேயே சொல்லி வை. அவளுக்கு அவரைப் பிடிக்காமல் இல்லை, பழகவில்லை, அவ்வளவுதான்.

லீவு முழுக்க உறவுக்காரர் கல்யாணம், குலதெய்வம் கோயில், வீட்டு மேல்தளம் கட்டுவது என்று போய்விடும். போகவேண்டிய இடத்துக்குப் போங்கள். ஆனால் பிள்ளைகளின் சாதாரண வேலைகளை அவரிடம் விட்டுவிடு. பெரியவனைக் குளிப்பாட்டி, சாக்ஸ் தேடி, பள்ளிக்கூடத்தில் விட்டு, சாயந்திரம் கூட்டி வருவது அவர் வேலை. சின்னவளுக்கு ஆய் கழுவுவதும் அவர் வேலை. சாக்ஸை மாற்றிப் போடுவார், பையை மறப்பார். நீ நடுவில் புகுந்து சரிசெய்யாதே. ‘இத்தனை நாள் கழிச்சு வந்த பிள்ளையை வேலை வாங்குறாளே’ என்று வீட்டில் ஒரு பேச்சு வரும். வரட்டும். தினம் பிரியாணி செய்து போட்டு, மெத்தையில் உட்கார வைத்தால், விருந்து முடிந்ததும் கிளம்புகிறவராகவே அவர் பிள்ளைகளுக்குத் தெரிவார்.

முதல் வாரம் அவர் குரலில் பட்டாளத்து அதட்டல் இருக்கும். ஐந்து மணிக்கு எழு, செருப்பை வரிசையாக வை என்பார். நீ பழக்கி வைத்திருக்கும் ஒழுங்கை அவர் வந்த மறுநாளே மாற்ற வேண்டியதில்லை. பிள்ளைகள் தூங்கிய பிறகு தனியே எடுத்துச் சொல். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தால் ஏற்றுக்கொள். அவர் இல்லாதபோது பட்ட கஷ்டங்களின் கணக்கை முதல் ராத்திரியே விரிக்காதே. இரண்டு பேரும் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு பேசினால் இரண்டு பேருக்குமே காது கேட்கும்.

கடைசியாகப் பெரியவன் படிப்பு. கேந்திரிய வித்யாலயா ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும். பட்டாளத்துப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை இருக்கிறது. அதற்கான சர்வீஸ் சான்றிதழை மாப்பிள்ளை மேலே போவதற்கு முன்பே வாங்கிவிடு, பிறகு கையெழுத்துக்கு அலைய முடியாது. அவர் கிளம்பும் வாரம் நான் வந்து உன்னோடு இருக்கிறேன். சம்பந்தி அம்மாளிடம் நானே பேசிவிடுகிறேன். மூவ்மெண்ட் தேதி தெரிந்ததும் போன் செய்.

அன்புடன்,
அத்தை