விளம்பரத்துணி இழுக்கும் விமானம்

கல்லூரி விழா பற்றி ஆராயக் கூடிய பழைய மாணவர் கூட்டத்தில், மடவளை அன்பரொருவர் எழுந்து, கல்லூரியின் பெயர் பொறித்த நீண்ட துணியைச் சிறு விமானமொன்று வானில் இழுத்துச் செல்லச் செய்யலாம் என்றார். துணியைக் கவ்வியெடுக்கத் தம்மூர் வயலிற் கம்பம் நடலாம் என்றும் கூறினார். சபை கைதட்டியது, யாமும் தட்டினோம். வீடு சென்று சிந்தித்த பின்னரே அது பிழையென உணர்ந்தோம்.

2019 யூலை 6 இல் இங்கிலாந்தின் ஹெடிங்லி மைதானத்தில் இலங்கையும் இந்தியாவும் உலகக் கிண்ணப் போட்டியில் மோதியபோது, காஷ்மீர் பற்றிய வாசகத்தைச் சிறு விமானமொன்று மேலே இழுத்துச் சென்றது. யாம் கேட்ட வாதமெல்லாம் வாசகம் பற்றியதே. விமானியை யாமும் எண்ணிப் பார்த்திலோம்.

மாணவர் அறியவேண்டியது யாதெனில், பெரும்பாலும் துணி விமானத்துடன் தரையிலிருந்து எழுவதில்லை. இரு கம்பங்களுக்கிடையே கயிறு கட்டப்பட்டிருக்கும். விமானம் வாலிலே கொளுக்கி தொங்கத் தாழப் பறந்து வந்து, கயிற்றைக் கவ்வும் வேளையில் மூக்கை மிக உயர்த்தி முழு வலுவுடன் மேலேறும். ஏறுங்கால் வேகம் குறையும்; துணியின் இழுவை அதனை மேலும் குறைக்கும். வேகம் ஓரெல்லைக்குக் கீழே சென்றால், காற்று சிறகின் மேற்பரப்பை விட்டு விலகச் சிறகு தூக்குவலுவை இழக்கும். மூக்கைத் தாழ்த்தி வேகஞ் சேர்த்தலே இதற்கு மருந்து. மருந்துண்ண வேண்டிய உயரமோ அப்போது இல்லை!

மேலே சென்ற பின்னும் இயந்திரம் பெருவலுவுடன் உழைக்கிறது. செலவு மெதுவாதலால் அதனைக் குளிர்விக்கும் காற்றோ குறைவு. இடர் நேரின் துணியைக் கழற்றிவிடும் பிடி விமானியின் கைக்கெட்டும் இடத்தில் உண்டு. ஆயினும் கீழே சனநெரிசல் இருப்பின் அதனை எங்கே விடுவது?

2021 ஒக்டோபர் 2 இல் கனடாவின் மொன்றியல் நகரில், திருமணச் சம்மதம் வேண்டும் வாசகத்தை இழுத்த செஸ்னா 172 விமானம் பூங்காவொன்றில் வீழ்ந்தது. விமானி காயத்துடன் பிழைத்தார். உடன் சென்ற பயணி மாண்டார். இத்தகைய பறப்பில் வேலையில்லாத ஒருவரை ஏற்றுதல் தகாது என்பது எம் துணிபு.

மடவளையிலோ சுற்றிலும் மலை. மலையின் காற்றொதுக்குப் புறத்தில் காற்று கீழ்நோக்கிப் பாயும். துணியின் பாரத்தால் ஏறுந்திறன் குன்றிய விமானம் அதனை எதிர்த்து எழல் அரிது. இயந்திரம் நின்றால் இறங்குதற்கு நீண்ட சமதரையும் இல்லை. வயல்களோ வரம்பு வரம்பாய்ப் படியிறங்குவன.

துணியைக் கல்லூரி வாயிலிற் கட்டலாமென அடுத்த கூட்டத்திற் பிரேரிக்க எண்ணியுள்ளோம். அன்பர் கோபியாரென நம்புகிறோம்.